கிள்ளான் பழைய சிறையில் கோப்பி ஊற்றி வைத்திருந்த குவளை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஊர் சுற்றக் கிளம்புவது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. வீட்டில் திரைச்சீலைகள் ஊறப்போட்டபடியே கிடந்தன. முறுக்குக்கு இன்னும் மாவு அரைக்கவில்லை. இருந்தாலும் ஒரு சனிக்கிழமை காலை கிள்ளான் பழைய சிறைச்சாலைக்குப் போய்வந்தேன். பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. புஷ்பா அக்கா கேட்டார், போனேன்.

புஷ்பா அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். காரில்லாமல் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கியதிலிருந்து அவரை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். மொரீப் கடற்கரைக்குக் கூப்பிட்டேன், வெயில் என்றார். புத்ராஜெயாவுக்குக் கூப்பிட்டேன், அங்கே என்ன இருக்கிறது என்றார். அப்படிப்பட்டவர், தைக்க வேண்டிய தீபாவளி ரவிக்கைகள் கட்டில் மேல் குவிந்து கிடக்கிற நேரத்தில், தானாகவே போன் செய்து சிறையைப் பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னால் நான் எப்படி மறுப்பேன்?

ஏன் கேட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரியும். கடைசிவரை மூடி வைத்திருந்து அவிழ்ப்பதற்கு இது துப்பறியும் கதை இல்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மாணிக்கம் என்று ஓர் அண்ணன் இருந்தார். ஒரு சண்டையில் ஓர் ஆள் இறந்துபோக, போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அந்தச் சிறையில்தான் வைத்திருந்தது. அக்கா அப்போது சின்னப் பிள்ளை. ஒரு நாள் அவருடைய அப்பா, "அண்ணன விட்டுட்டாங்க, கப்பல் வேலைக்குப் போயிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் அக்கா காலத்தைத் தள்ளியிருக்கிறார்.

நம் வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோம் இல்லையா? ஆளுக்கு ஓர் இலை. அண்ணனுக்கு இலை போடுவதா வேண்டாமா என்பதுதான் அக்காவை அரித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பவருக்குப் போட்டால் நாமே அவரைச் சாகடித்த மாதிரி. இறந்தவருக்குப் போடாமல் விட்டால் அவர் பசியோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். வருடா வருடம் அக்கா போடாமலே விட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது தெரியாது. அவருடைய கணவருக்கே தெரியாது.

போனில் அவர் என்னிடம் சொன்ன காரணம் வேறு.

"அங்க நம்பர் கெடைக்குதாம்லா. ரவிக்க தெக்க வந்த ஒரு பொண்ணு சொன்னிச்சி."

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டுகிற குலுக்கல் உண்டு. புதன், சனி, ஞாயிறு. கட்டுகிறவர்களுக்கு எண் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். விபத்தில் நசுங்கிய காரின் எண், கனவில் வந்த பாம்பு, சாவு நடந்த வீட்டின் கதவு எண், எதையும் விடமாட்டார்கள். சாவு சம்பந்தப்பட்ட எண்ணுக்கு மவுசு கூடுதல். புஷ்பா அக்கா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். இந்த வயதில் ஆசை வந்துவிட்டதே என்று அன்று பாதி நாள் அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனி வழி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், பத்து நிமிடம். அங்கிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில். கட்டணம் ஐந்து வெள்ளிக்குள், அதாவது ஐந்து ரிங்கிட்டுக்குள், முடிந்துவிடும். பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வார இறுதியில் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். பெண்கள் மட்டும் ஏறுகிற பெட்டி நடுவில் வரும். ஏர்கோன் எலும்பு வரை குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் நான்கு கட்டிக்கொண்டு போயிருந்தேன். பெட்டாலிங் ஜெயா போய், சுபாங் போய், ஷா ஆலம் வந்தது, அக்கா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்னக்கா, நம்பர் அடிச்சா எனக்கு எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டேன்.

"பேசாம வாடி" என்றார். சன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

கிள்ளான் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் லிட்டில் இந்தியா கூப்பிடு தூரம். தீபாவளிக் கடைகள் நடைபாதையை அடைத்திருந்தன. எனக்குக் கால் அந்தப் பக்கம் இழுத்தது. அக்கா "அப்பறம் பாத்துக்கலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சிறைக்குப் பேருந்து கிடையாது. செயலியில் கார் பிடித்தோம். ஆறு கிலோமீட்டர், ஒன்பது வெள்ளி. கடைத்தெரு நெரிசலைத் தாண்டுவதற்கே கால் மணி நேரம் பிடித்தது.

ஓட்டுநர் நம் ஆள். ஏறி உட்கார்ந்ததுமே கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஜெயிலுக்கா? நம்பர் எடுக்கவா?" என்றார்.

"நான் சுத்திப் பாக்கத்தாண்ணே. நம்பரு இந்த அக்காவுக்கு."

"தப்பில்ல லா. இப்ப எல்லாரும் அதுக்குத்தான் வராங்க. தூக்குல போட்டவங்க தண்ணி குடிச்ச கப்பு எல்லாம் வரிசையா மாட்டி வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கும். அதுல ஒரு கப்பு செம ராசி. ரெண்டு தடவ அடிச்சிருக்கு. எங்க வீடமைப்புத் தாமான்ல ஒருத்தன் அதுலதான் வீட்டுக்கூரைக்கு ஜிங்கு தகரம் மாத்துனான்."

"எந்த நம்பர்ண்ணே?" அக்கா அந்தக் காரில் பேசிய ஒரே வாக்கியம் இதுதான்.

"வாயால சொல்லக் கூடாதுக்கா. சொன்னா ஓடிரும். நீங்களே பாத்துக்குங்க."

எனக்கு ஒரே சிரிப்பு. அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

சிறை ஆற்றோரம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம், மேலே சுண்ணாம்பு. மதில் மட்டும் இரண்டு மாடி உயரம் வரும். பல வருடம் பூட்டிக் கிடந்ததாம். இப்போது சுற்றுலா இடமாக்கி, வாசலில் புல் வளர்த்து, பெரிய எழுத்துகளில் இடத்தின் பெயரை நிறுத்தியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் மலேசியர்களுக்குப் பன்னிரண்டு வெள்ளி, வெளிநாட்டவருக்கு முப்பது. அடையாள அட்டை காட்ட வேண்டும். வழிகாட்டியோடு சுற்றிவருவது கட்டணத்திலேயே அடக்கம். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறார்கள்.

உள்ளே போனதும் எனக்கு முதல் அதிர்ச்சி. கோடு போட்ட கைதிச் சட்டை வாடகைக்கு, ஐந்து வெள்ளி. சிலேட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றால் குற்றவாளியைப் போலப் படம் எடுத்துத் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் சட்டை இருக்கிறது. ஒரு தகப்பன் தன் மூன்று வயது மகளுக்குப் போட்டுவிட்டு, அழுகிற மாதிரி முகத்தை வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. தகரத் தட்டில் நாசி லெமாக் பதினான்கு வெள்ளி. "கடைசிச் சாப்பாடு" என்று பெயர் வைத்து, கோழிப் பொரியலும் பானமும் சேர்த்து இருபத்திரண்டு வெள்ளிக்கு ஒரு செட். நான் நிறைய சுற்றுலா இடங்களைப் பார்த்தவள், லேசில் முகம் சுளிக்க மாட்டேன். அந்தப் பலகையைப் படித்ததும் சுளித்தேன்.

வழிகாட்டி ஒரு மலாய்ப் பெண், தலையில் இளம்பச்சைத் துடோங். மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நன்றாகவே பேசினார். முதலில் அறைகள். ஒருவர் படுக்கிற இடத்தில் நான்கு பேரைப் போட்டிருந்தார்களாம். கதவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அடுத்து பிரம்படி கொடுக்கும் மரச்சட்டம். கைகால்களைக் கட்டுகிற தோல்பட்டைகள் அப்படியே இருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் அதில் சாய்ந்து நின்று, பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டிப் பெண் சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தடுப்பார், பாவம்.

அதற்கடுத்து, கைதிகளைப் பார்க்க வருகிறவர்கள் நிற்கும் சாளரம். கம்பிக்கு அந்தப் பக்கம் காவலர் உட்கார்ந்திருப்பாராம். இந்தப் பக்கம் நின்று கைதியின் எண்ணைச் சொன்னால்தான் ஆளைக் கூட்டி வருவார்களாம். பெயர் சொன்னால் செல்லாது. எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் அந்தச் சாளரத்தின் சிமெண்டு விளிம்பில் கையை வைத்தபடி நின்றார். விளிம்பு அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"இவ்ளோ கீழயா இருந்திச்சி?" என்றார்.

"முன்னாடி வந்திருக்கீங்களாக்கா?"

அக்கா நேராக நடந்து போய் வழிகாட்டிப் பெண்ணைப் பிடித்தார். ஒரு கைதி போன பிறகு அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பார்களா என்று மலாயில் கேட்டார். கொடுக்க மாட்டார்கள், ஓர் எண் ஒரே ஆளுக்குத்தான் என்றார் அந்தப் பெண். அட, நம் அக்கா ரொம்பக் கணக்காகத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்குத் தண்டனைக் கைதிகளின் வரிசை கடைசியில் இருக்கிறது. நீண்ட, இருட்டான நடை. இடது பக்கம் அறைகள், வலது பக்கம் சுவர். சுவரில் ஆணி அடித்துத் தகரக் குவளைகளை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். இந்தச் சிறையில் ஒரு வழக்கம் இருந்ததாக வழிகாட்டிப் பெண் சொன்னார். தூக்கிலிடப்பட்டவர் குடித்த குவளையை வேறு கைதி வாங்கிக் குடிக்க மாட்டாராம். எவ்வளவு அடித்தாலும் வாங்க மாட்டாராம். அதனால் ஆள் போன அன்று காவலர்களே குவளையைக் கழுவி இங்கே மாட்டிவிடுவார்கள். விடுதலையானவர்களின் குவளைகள் சமையல் கட்டுக்குத் திரும்பிப் போகும். இந்தச் சுவரில் இருப்பவை எல்லாம் திரும்பிப் போகாதவை என்றார்.

நடையின் வாசலிலேயே அக்கா நின்றுவிட்டார். கால் வலி என்றார். என்னை அருகில் கூப்பிட்டு, மலாயில் நான்கு இலக்கங்களைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில், ஒரு ராகத்தோடு சொன்னார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. இந்த நம்பர் இருக்கா இல்லையான்னு மட்டும் பாரு."

போனேன். குவளைகளின் அடியில் எண்கள் குத்தியிருந்தன. குனிந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். நடுவில் ஓர் இடத்தில் ஐந்தாறு பேர் கூட்டமாக நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அங்கிருந்த குவளைக்கு மட்டும் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. கீழே தரையில் திறந்த சிகரெட் பாக்கெட், ஒரு சீப்பு வாழைப்பழம், எலுமிச்சை, ஊதுபத்திச் சாம்பல். குவளையை நிமிர்த்தி மாட்டி, அதில் கறுப்புக் கோப்பி ஊற்றியிருந்தார்கள். ஓட்டுநர் சொன்ன ராசிக் குவளை இதுதான் என்று புரிந்தது. அடியில் குத்தியிருந்த எண்ணைப் படித்தேன். அக்கா சொன்ன அதே எண்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையை உயர்த்தி ஆட்டி, அந்த நடை முழுக்க எதிரொலிக்கிற மாதிரி கத்தினேன். "அக்கா! இருக்கு! உங்க நம்பர் இருக்கு! இதாங்க்கா ராசி நம்பரே!"

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். மயக்கமோ என்று ஓடினேன். மயக்கம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அங்கேதான், அந்தத் தரையில் உட்கார்ந்தபடிதான் சொன்னார். "எங்கண்ணன்டி. எங்கம்மாவுக்கு மலாய் வராது. அதனால ஒவ்வொரு தடவையும் என்னையக் கூட்டிட்டு வரும். என்னையத் தூக்கிப் புடிச்சிக்கும், நாந்தான் அந்த சன்னல்ல நம்பர் சொல்லுவேன். சரியாச் சொன்னா அண்ணன் வரும். தப்பாச் சொல்லிட்டா வராதுன்னு பயந்து ராத்திரியெல்லாம் சொல்லிப் பாப்பேன். அம்மா செத்தப்பறம் அப்பா என்னையக் கூட்டிட்டு வரல. ஒரு நாள் விடியாத நேரத்துல சித்தப்பாவக் கூட்டிட்டுப் போனாரு. மத்தியானமா வந்தாரு. வீட்டுக்குள்ள வராம வெளிய பைப்புலயே தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாங்க ரெண்டு பேரும். நான் பாத்தேன். அப்பறம்தான் கப்பலுக்குப் போயிட்டான்னு சொன்னாரு."

நம் ஆட்கள் எப்போது வெளியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை அவரிடம் உறுதிப்படுத்திச் சொன்னது நான். பரிசு விழுந்தது போலக் கத்திச் சொன்னது நான். என் காது மடல் வரை சூடேறியது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் குவளையிடம் போனார். கூட்டம் விலகவில்லை. ஒரு சீன அங்கிள் பிளாஸ்டிக் பையில் கோப்பி வாங்கி வந்து, பழைய கோப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றத் தயாராக நின்றார். கிள்ளானில் தோட்டத்துக் கடைகளில் வளர்ந்த சீனர்கள் சிலர் நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். இவரும் அப்படித்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிங்க. இவருக்குக் கோப்பி ஊத்தணும். நல்ல ஆளும்மா இவரு. கேட்டா குடுப்பாரு."

அக்கா அந்தப் பையைப் பார்த்தார். "சீனி போட்டிருக்கா?"

"இல்லம்மா. கோசோங். வெறும் கோப்பி."

"அவன் சீனி இல்லாம குடிக்கமாட்டான்."

அங்கிள் சிரித்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கூடப் பொறந்த அண்ணன்."

அந்த மனிதரின் முகம் போன போக்கை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பையைக் கீழே வைத்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். பெயர் என்ன என்று கேட்டார். அக்கா சொன்னார். "மாணிக்கம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். வேறு கோப்பி வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார், கூடவே தனியாக ஒரு பொட்டலம் சீனி. அதையும் கொட்டிக் கலக்கிக் குவளையில் ஊற்றிவிட்டு, "மாணிக்கம், சாரி லா. தெரியாது" என்றார். குவளையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல். காற்பந்துச் சட்டை போட்ட ஓர் ஆள், நம்மவர்தான், கைத்தொலைபேசியைத் தட்டத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணன் பொறந்த தேதி என்ன? தூக்குல போடறப்ப வயசு என்ன? இன்னிக்கிக் குலுக்கல் இருக்கு."

நான் வெடித்துவிட்டேன். நீயெல்லாம் மனுஷனா, உன் வீட்டில் சாவு விழுந்தால் இப்படித்தான் கேட்பாயா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கீழே கிடந்த பாக்கெட்டையும் பழத்தையும் காலால் எற்றித் தள்ளவே போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்ல மாட்டேன் தம்பி, போங்க" என்று அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எதையும் தள்ளாத. நாப்பது வருஷமா நான் அவனுக்கு ஒரு வாய் தண்ணி வெக்கல. யாரோ பெத்த புள்ளைங்க கோப்பி வெச்சிருக்காங்க, பழம் வெச்சிருக்காங்க. எதுக்கு வெச்சா என்னடி? வெச்சாங்கல்ல?"

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றுவரை இல்லை. ஒரு மனிதன் கழுத்து முறிந்து செத்ததை ராசி என்று சொல்லிக்கொண்டு ஊதுபத்தி கொளுத்துகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அண்ணன் அவருடைய அண்ணன், என்னுடையவர் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

வழிகாட்டிப் பெண் எங்களைத் தனியாகக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் குவளையைத் தரமுடியுமா என்று அக்கா கேட்டார். காட்சிப் பொருள், நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் அந்தப் பெண். "அவன் போட்டாவே ஒண்ணு இல்லையே" என்று தமிழில் சொல்லிக்கொண்டார் அக்கா. இந்தப் பூசையையெல்லாம் ஏன் அனுமதிக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். முதலில் தடை போட்டுப் பார்த்தார்களாம். பிறகு அந்த எண் அடித்ததும் கூட்டம் பெருகிவிட்டதாம். இப்போது மாலையில் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டுக் காலையில் மறுபடி திறக்கிறார்களாம்.

வெளியேறும் வழி நினைவுப்பொருள் கடைக்குள்தான் போகிறது, வேறு வழியில்லை. அங்கே எனக்கு அடுத்த அதிர்ச்சி. அதே மாதிரி தகரக் குவளைகளைப் புதிதாகச் செய்து கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்று இருபத்தைந்து வெள்ளி. முன் வரிசை முழுக்க மாணிக்கம் அண்ணனின் எண். அதுதான் நன்றாக ஓடுகிறது என்றார் கடைப்பெண். ஐந்து வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் எண் இல்லாத குவளையில் நமக்குப் பிடித்ததைக் குத்தித் தருகிறார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து முப்பது வெள்ளியை எடுத்து வைத்தார்.

"லக்கி நம்பர் போடவா ஆன்டி?"

"நம்பர் வேணாம். பேரு போடு." எழுத்து எழுத்தாகச் சொன்னார். இயந்திரம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குத்து குத்தியது.

திரும்பும் ரயிலில் அக்கா கறிபாப் கேட்டு வாங்கி இரண்டு சாப்பிட்டார். தெரியாமல் கத்திவிட்டேன் என்று ஆரம்பித்தேன். "நீ சொல்லலன்னா வேற யாரு எனக்குச் சொல்லியிருப்பா" என்றார். சுபாங்கைத் தாண்டியதும் தூங்கிவிட்டார். குவளை இருந்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை படையலுக்கு அவர் வீட்டுக்குப் போனோம். வழக்கமான இலைகளோடு இன்னொன்று கூடுதலாக விழுந்தது. அதன் பக்கத்தில் அந்தக் குவளை, சீனி தூக்கலாகப் போட்ட கோப்பி. யாருக்கு என்று அக்காவின் கணவர் கேட்டார். "எங்கண்ணனுக்கு" என்று ஆரம்பித்து, எல்லோர் முன்னாலும் முழுவதையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் கணவர், "மச்சான் சிகரெட்டு பிடிப்பாரா?" என்று கேட்டார். பிடிப்பார் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே கடைக்கு இறங்கிப் போனார். அவர் வரும்வரை யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

நீங்களும் போகலாம். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமையைத் தவிருங்கள், குலுக்கல் கூட்டம் அதிகம். காலை முதல் சுற்றில் சேர்ந்துகொண்டால் நடைகள் காலியாக இருக்கும். திரும்பி வரக் கார் கிடைக்கத் தாமதமாகும், வாசலில் நிழல் இல்லை, குடை அவசியம். சாப்பாட்டை லிட்டில் இந்தியாவில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் அந்தக் கடையில் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கைதிச் சட்டையை மாட்டிவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

கட்டணம், தூரம், ரயில் எல்லாம் மேலே கொடுத்திருக்கிறேன், விட்டுப்போனதைக் கேளுங்கள், பதில் எழுதுகிறேன். அந்த எண்ணை மட்டும் கேட்காதீர்கள். பிறந்த தேதியும் கிடையாது, வயதும் கிடையாது. சொன்னால் இன்றைக்கே போய்க் கட்டிவிடுவீர்கள். அவருக்குப் பெயர் இருக்கிறது, மாணிக்கம். படையல் போடுகிற கை உங்களுடையது என்றால், அந்தப் பெயரைச் சொல்லிச் சீனி போட்டு ஒரு கோப்பி வையுங்கள். பதிலுக்கு அவரிடம் எதுவும் கேட்காதீர்கள்.